இரண்டு குழாய்களும் ஓர் இசைத்தட்டும்

திருவள்ளூரில் நாங்கள் குடிவந்த வீட்டின் மதில்மேல் ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் ரயில் பிடித்து வந்த களைப்பு எனக்கு. வழிப்போக்கர்களுக்கென்று டம்ளர் வைத்திருக்கிறார்களே, நல்ல மனிதர்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று மகிழ்ந்துபோனேன். அதை எடுத்து, கிணற்றடி வாளியில் மொண்டு, கடகடவென்று குடித்தேன். வீட்டுக்கார அம்மா தாயாரம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "ஐயய்யோ, இன்னாமா பண்ணிக்கினு கீற? அத்தப் போயி வாயில வெச்சிட்டியே! அது அவங்களுக்கு வெச்சது." யாருக்கு என்று கேட்டேன். அறுப்புக்கும் எரு அள்ளவும் சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு என்றார். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புளி போட்டு வாளியைத் தேய்க்க உட்கார்ந்தார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. பர்மாவிலிருந்து வந்த பெண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்ற பரிதாபம்தான். தேய்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "ஆமா, நீங்க இன்னா ஆளுங்க?"

ரங்கூனில் எங்கள் தெருவில் அந்தக் கேள்வி கிழவர்களோடு தேய்ந்துபோயிருந்தது. பர்மியர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே 'கலா'தான். வெளியூர்க்காரன் என்று அர்த்தம். சொல்கிற விதத்தில் வசவாகவும் ஆகும். அவர்கள் நம்மைத் துரத்தினார்கள், உண்மைதான். ஆனால் துரத்தும்போது சாதி பார்த்துத் துரத்தவில்லை. நான் ஒரு சாதி, என் கணவர் ஏழுமலை வேறு. அவருடைய தாத்தா பொன்னேரிப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து கப்பலேறிப் போனவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவரை நான் விரும்பிக் கட்டிக்கொண்டேன். என் அப்பா ஒரு வாரம் பேசாமல் இருந்தார், எட்டாம் நாள் மருமகனோடு மொகிங்கா சாப்பிடப் போனார். அங்கே அவ்வளவுதான் அதற்கு மரியாதை. தாயாரம்மா கேட்டபோது என் கணவர் இசைத்தட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு என் பின்னால் நின்றிருந்தார். நான் என் அப்பாவின் சாதியைச் சொன்னேன், இருவருக்கும் சேர்த்து. என் கணவர் என்னை ஒரு முறை பார்த்தார். அதற்கு முன் ஐந்து வீடுகளில் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவரும் பெட்டியோடு உள்ளே போனார்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனும் மூன்று இசைத்தட்டுகளும் இருந்தன. கப்பலேறும்போது என் தோடு வரைக்கும் கழற்றி வாங்கிக்கொண்ட அதிகாரி, அந்தக் கறுப்புத் தட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். யுத்தத்தின்போது வட பர்மாக் காட்டில் அமெரிக்கர்கள் சாலை போட்டார்கள். பதினேழு வயதில் என் கணவர் அங்கே கல் சுமந்தார். புல்டோசர் ஓட்டிய வில்லி என்ற கறுப்புச் சிப்பாய் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவை அவை. ஜாஸ் என்று அதற்குப் பெயர். கல்யாணமான புதிதில் எனக்கு அது பிடிக்கவேயில்லை. சந்தைக்கடையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல் என்றேன். "நாலு பேரும் பேசல, ஒருத்தன் பேசறான், மத்தவன் கேக்கறான். கேட்டுட்டுப் பதில் சொல்றான். கவனி" என்றார் அவர். கவனித்தேன். ட்ரம்பெட் ஒன்றைச் சொல்லி நிறுத்தும், கிளாரினெட் அதைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போகும். ஒருவனுடைய முறை வரும்போது மற்றவர்கள் அடக்கி வாசித்து அவனுக்கு இடம் விடுவார்கள். யாரையும் யாரும் வெளியே நிறுத்தவில்லை. அது புரிந்த பிறகு எனக்கு அந்தத் தட்டுகள்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

மூன்றில் எனக்குப் பிடித்தது இழவுத் தட்டு. வில்லியின் ஊரில் பிணத்தைக் கொண்டு போகும்போது வாத்தியக்காரர்கள் மெதுவாக, காலை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டு போவார்களாம். புதைத்துவிட்டுத் திரும்பும்போது அதே வாத்தியங்கள் துள்ளுமாம், தெருவே ஆடுமாம். தட்டின் ஒரு பக்கம் போகிற பாட்டு, மறு பக்கம் திரும்புகிற பாட்டு. இப்படிப்பட்ட இசையைச் செய்தவர்கள் தங்கள் நாட்டில் எப்படி இருந்தார்கள் என்பதையும் வில்லி சொல்லியிருக்கிறான். அவர்கள் வாசிக்கும் ஓட்டல்களில் வாசல் வழியாக அவர்கள் நுழைய முடியாது, சமையல்கட்டு வழியாகத்தான். ஒரே பட்டாளம், ஒரே சாலை, ஆனால் காட்டுக்குள்ளேயே வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தனிக் கூடாரம், தனிச் சாப்பாடு. ஊரில் தண்ணீர் குடிக்க இரண்டு குழாய்கள், வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. இதை என் கணவர் முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "தண்ணிக்கு எதுக்குங்க ரெண்டு கொழா? கதை விடாதீங்க" என்றேன். எனக்கு அது அவ்வளவு தூரத்து விஷயம். ரங்கூன் தெருக்களில் யேஓசின் என்று மரப்பலகைமேல் மண்பானைகள் வைத்திருப்பார்கள். புண்ணியத்துக்காக யாரோ தினமும் நிரப்புவார்கள். பானைக்கு ஒரே ஒரு குவளை. பிக்குவும் ரிக்ஷாக்காரனும் நானும் அதில்தான் குடிப்போம். மதில்மேல் இருந்த டம்ளரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் என் கணவருக்கு ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கிராமபோனுக்குச் சாவி கொடுப்பார். தாயாரம்மா வாசற்படியில் வந்து உட்கார்ந்து கேட்பார். திருப்பாச்சூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர், கை நிறையக் காய்கறி கொண்டுவந்து தருவார், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். "வெள்ளக்காரன் பாட்டு வெக்கிறாங்கோ எங்க ஊட்ல. தொரைங்க கேக்குறது" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையடித்துக்கொள்வார். நானும் இல்லை என்று சொன்னதில்லை. வாசல் வழியாக விடப்படாதவர்களின் இசை, துரை பாட்டு என்ற பெயரில் அந்த வீட்டுக்குள் கௌரவமாகக் குடியிருந்தது. என் கணவரும் அப்படித்தான் குடியிருந்தார். இந்த நினைப்பு வந்தாலே, அடுத்த தட்டைப் போடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இதற்கிடையில் அவர் தாத்தாவின் ஊரை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே ஒரு சித்தப்பாவும் அவர் மகன் முனுசாமியும் இருந்தார்கள். முனுசாமி ஊர்ச் சாவுகளுக்குப் பறையடிப்பவர். என் கணவருக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம். மாதம் ஒரு முறை தனியாகப் போய்வருவார். என்னைக் கூப்பிடுவார், நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். ஒரு தடவை கிராமபோனையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து சிறு பிள்ளைபோல் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இழவுத் தட்டைப் போட்டதும் முனுசாமி எழுந்து நின்றுவிட்டாராம். "அண்ணே, இது நம்ம ஆளுங்க வாசிக்கிறது. போம்போது ஒரு அடி, வரும்போது ஒரு அடி. இது எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சிது?" என்றாராம். நான் பல மாதங்கள் கவனித்துக் கவனித்துப் பிடித்ததை அவர் நின்ற நிலையில் பிடித்துவிட்டார்.

வந்து நாலாவது வருடம், ஒரு காலை நேரம். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், தாயாரம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மதிலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவரின் அதே நெற்றி. "அண்ணி, நான் முனுசாமி. எங்க நைனா பூட்டாரு. அண்ணன் இல்லீங்களா?" பட்டறைக்குப் போயிருக்கிறார், இப்போது நாஷ்டாவுக்கு வந்துவிடுவார் என்றேன். "முத பஸ்ஸ புடிச்சு வந்தேன். கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். வீட்டுக்குள் எவர்சில்வர் டம்ளர்கள் ஆறு இருந்தன. தாயாரம்மா கீரையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை மதிலுக்குப் போனது. யாரும் என்னைத் தள்ளவில்லை, யாரும் சொல்லவில்லை. அந்த அலுமினிய டம்ளரை எடுத்து நீட்டினேன்.

முனுசாமி அதைப் பார்த்தார். வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டார். "ஊத்துங்க" என்றார். சொம்பில் மொண்டு வந்து மேலேயிருந்து ஊற்றினேன். "யாரும்மா அது?" என்று தாயாரம்மா கேட்டார். "எங்க ஊர்ப்பக்கம் வேல செஞ்ச ஆளு" என்றேன். அப்பா செத்த செய்தியோடு வந்தவரின் முன்னால், அவர் தலை நிமிர்வதற்குள் சொன்னேன். எனக்கு ஏது ஊர், எனக்கு ஏது வேலைக்கு ஆள்? திரும்பினால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவில் என் கணவர் நிற்கிறார்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சைக்கிளைச் சாய்த்து வைத்தார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சாவுச் செய்தியைக் கேட்டுக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த அலுமினிய டம்ளரை வாங்கி, சொம்பிலிருந்து ஊற்றி, தாயாரம்மாவைப் பார்த்துக்கொண்டே குடித்தார். "இவன் என் சித்தப்பா மகன். எனக்கும் இதேதாம்மா டம்ளர்" என்றார். தாயாரம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். என் கணவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வில்லி சொன்னான்னு சொன்னப்ப நீ நம்பலையே." கிராமபோன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு பஸ் ஏறப் போனார். நான் கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அதற்குள் தாயாரம்மா வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லும்போது அவர் அழுதார். மூன்று நாள் கஞ்சி ஊற்றிய அந்தக் கையை இன்றும் என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை. அவர் கையை வெறுத்தால் என் கையை என்ன செய்வது?

இப்போது கும்மிடிப்பூண்டியில் இருக்கிறோம். தொழிற்பேட்டை வருகிறது என்று வயல்களை மட்டம் செய்து ஷெட் போடுகிறார்கள். என் கணவருக்கு அங்கே வேலை. பர்மாவிலிருந்து வந்த இன்னும் சில குடும்பங்களோடு சாலை ஓரமாகக் குடிசை போட்டிருக்கிறோம். எங்களைப் பர்மாக்காரர்கள் என்கிறார்கள். அங்கே கலா, இங்கே பர்மாக்காரி. கப்பலில் ஏறி இறங்கியதில் எனக்குக் கிடைத்தது இந்தப் பெயர் மாற்றம்தான். ரங்கூனிலேயே தங்கிவிட்ட உறவுக்காரர்கள், சொந்த நாட்டுக்குப் போனவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று கடிதம் எழுதுகிறார்கள். என்னத்தைச் சொல்வது? வாசலில் ஒரு பலகை அடித்து, இரண்டு பானையும் ஒரே ஒரு டம்ளரும் வைத்தேன். டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருக்கிறேன். லாரிக்காரர்கள் குடிக்கிறார்கள். சிலர் டம்ளரைக் கையில் எடுத்த பிறகு, "யாரு ஊட்டுத் தண்ணி இது?" என்கிறார்கள். என் அப்பாவின் சாதி இன்னமும் என் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. மென்று விழுங்கிவிட்டு, எல்லார் வீட்டுத் தண்ணீரும்தான் என்கிறேன். பாதிப் பேர் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

முனுசாமியும் இங்கே கட்டட வேலைக்கு வருகிறார். அண்ணனோடு பீடி பிடிப்பார், பேசுவார், என்னையும் நலம் விசாரிப்பார். ஆனால் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. போன ஞாயிறு நல்ல வெயில். உள்ளே என் கணவர் இழவுத் தட்டைப் போட்டிருந்தார். முனுசாமி பானையருகே வந்து நின்று துண்டால் கழுத்தைத் துடைத்தார். நான் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு, சங்கிலி டம்ளரை அவர் பக்கம் நீட்டினேன். "இதுல குடி முனுசாமி. எல்லாரும் இதுலதான் குடிக்கிறோம்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் குவித்தார். "இருக்கட்டும் அண்ணி, எனக்கு இதான் பயக்கம். ஊத்துங்க."

ஊற்றினேன். விரல் சந்துகளில் தண்ணீர் ஒழுகி மண்ணில் விழுந்தது. உள்ளே பாட்டு முடிந்து, ஊசி தேய்கிற சத்தம் கேட்டது. என் கணவர் தட்டைத் திருப்பிப் போட்டார். முனுசாமி குடிப்பதை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். "பொதைச்சிட்டாங்கோ அண்ணி, ஊட்டுக்குத் திரும்புறாங்கோ" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் சொம்பு காலியாகியிருந்தது. மறு கையில் சங்கிலியோடு பிடித்திருந்த டம்ளர் நனையவே இல்லை.