எனக்கு இலக்கம் இல்லை

இந்த ஊரில் காலுறை வாங்கப் போனாலும் தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள். கனடாவின் வின்னிபெக்குக்கு வந்த முதல் கிழமை, பனியில் விரல்கள் மரத்துப்போய், இரண்டு சோடி கம்பளிக் காலுறையோடு கடையில் வரிசையில் நின்றேன். காசாளர் பெண் பொருளைக் கையில் எடுக்கும் முன்பே, "உங்கள் இலக்கம்?" என்றாள். காலுறைக்கும் தொலைபேசிக்கும் என்ன உறவு என்று விளங்கவில்லை. "இல்லை" என்றேன். தர விருப்பமில்லை என்று நினைத்து, பரவாயில்லை என்று சிரித்தாள். "இலக்கமே இல்லை" என்று நான் திருத்திச் சொன்னதும், இருக்க வீடில்லை என்று சொன்னதுபோல முகம் மாறிவிட்டது. பல் வைத்தியர், நூல்நிலையம், வங்கி, எல்லாப் படிவங்களிலும் அந்தக் கட்டம் இருந்தது. எல்லாவற்றிலும் அதை வெறுமையாக விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் வாழ்ந்தேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு நிற்பவர் பரமேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். நான் கைத்தொலைபேசி எடுக்காதது கஞ்சத்தனம் என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். "ஓம் பிள்ளை, மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையே கட்டப் போறீர்? ஒரு ஆத்திர அவசரத்துக்கு உம்மை எங்கை எண்டு தேடுறது?" என்பார். ஒரு நாள் வேலை முடிந்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். விற்பனைப் பெண் தாள்களை விரித்துத் திட்டங்களை விளக்கினாள். மூன்று வருட ஒப்பந்தம், இங்கே கையொப்பம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான் வீட்டுக்குப் போகப் போகிறேன்" என்றேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். "நிச்சயமாக. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்றாள். என் வீடு இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருக்கிறது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

பரமேஸ்வரி அக்காவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. காசு காரணமில்லை. மூன்று வருடம் என்பதும் பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதத்தான் முடிகிறது.

அப்பா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கண்டி நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்து, குண்டசாலையில் சிறிய வீடு வாங்கி, வெளிக்கதவில் தன் பெயரை ஒரு பலகையில் எழுதி மாட்டினார். எண்பத்து மூன்று கலவரத்தின்போது எனக்குப் பத்து வயது, தம்பி சரவணன் கைக்குழந்தை. கடைத்தெரு எரிந்த அன்று அப்பா வரவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள டீச்சர் எங்களைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். மறுநாள் ஆற்றோரமாகவே நடந்து, முகமெல்லாம் கரியோடு அப்பா வந்தார். எரித்தவர்கள் கையில் தமிழர் பெயர்ப்பட்டியல் வைத்திருந்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பலகையைக் கழற்றினார். அதன்பிறகு எங்கள் வீட்டுக் கதவில் பெயர் இருந்ததில்லை. அப்பா இறந்த பிறகும் அம்மா அதை மாட்டவில்லை. "பேரு எழுதுன தாளு எல்லாம் என்னைக்காவது யாரு கையிலயாவது போய்ச் சேரும்" என்பது அம்மாவின் பயம்.

அந்த அம்மாவுக்குத் தெரியாமல்தான் நான் என் முதல் கைத்தொலைபேசியை வாங்கினேன். அப்போது கண்டியில் ஒரு தனியார் மருந்தகத்தில் வேலை. அடையாள அட்டையைக் கொடுத்து என் பெயரிலேயே சிம் எடுத்தேன். கனடா விசா வந்து புறப்படும் கிழமையில் அந்தத் தொலைபேசியைச் சரவணனிடம் கொடுத்தேன். அவன் அச்சகத்தில் வேலை செய்துகொண்டிருந்தான், இருபத்து மூன்று வயது. போர் மறுபடி மூண்டிருந்த காலம். யாருடைய பெயரில் சிம் இருக்கிறது என்று படையினர் சோதனையில் கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். "அக்கா, பேர மாத்திக் குடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும் போய்க் கையெழுத்து வைக்கணுமாம்" என்று இரண்டு முறை கேட்டான். எனக்குப் பெட்டி கட்டுகிற அவசரம். "ஒரு வருஷத்துல வந்துருவேன்டா. அதுக்காக டவுன்ல போய் லைன்ல நிக்கணுமா?" என்றேன். அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி எதையும் கேட்கிற பிள்ளை இல்லை அவன்.

இங்கே வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலையில், சலவைக்கூடத்தில் இருந்த பொதுத் தொலைபேசியில் அட்டை போட்டு அவனைக் கூப்பிடுவேன். என் துணிகள் இயந்திரத்தில் சுற்றும். அங்கே குண்டசாலையில் மாலையாகியிருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவதும், டீச்சர் வீட்டு நாய் குரைப்பதும் கேட்கும். மாம்பழக் காலமா, மழையா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் கேட்பேன். "இதுக்காக்கா அங்கேருந்து கூப்புடுற?" என்று சிரிப்பான். அதற்காகத்தான் கூப்பிட்டேன். ஆறு நாள் ஒரு சொல்லும் சரியாக விளங்காத ஊரில் இருந்துவிட்டு, ஏழாம் நாள் எல்லாம் விளங்குகிற ஒரு வீட்டுக்குள் நுழைவதற்காக.

ஒரு ஞாயிறு வேறொருவன் எடுத்தான். "கவுத கதா கரன்னே?" யார் பேசுவது என்று சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டான். அச்சகத்தில் சரவணனுக்குச் சிங்கள நண்பர்கள் உண்டு. அவர்களில் ஒருவன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நான் அவனுடைய அக்கா, கனடாவிலிருந்து பேசுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். முழுப் பெயர் கேட்டான், சொன்னேன். எவ்வளவு காலமாக அங்கே, ஒவ்வொரு கிழமையும் கூப்பிடுவீர்களா என்று கேட்டான். "ஒவ்வொரு கிழமையும்" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் என் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகத் திருப்பிச் சொன்னான். அந்த மெதுவில்தான் அவன் நண்பனில்லை என்று எனக்கு விளங்கியது. தம்பி எங்கே என்று கேட்டேன். தொடர்பு அறுந்தது.

குண்டசாலைச் சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நியாஸ் நானாவின் இலக்கம் என் கொப்பியில் இருந்தது. அட்டையில் மிஞ்சியிருந்த நிமிடங்களில் அவரைப் பிடித்தேன். "தங்கச்சி, பதறாதீங்க. நாலு நாளைக்கு முன்ன விடியக் காலைல செக்கிங் வந்து ஒங்கட தம்பியக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அம்மா எங்கட ஊட்டுலதான் ஈக்கிறாங்க" என்றார். வீடு வீடாகச் சோதனை நடந்திருக்கிறது. தொலைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிம் ஒரு பெண் பெயரில். அந்தப் பெண் நாட்டில் இல்லை. கிழமைக்கு ஒருமுறை வெளிநாட்டு அழைப்பு. அக்கா என்று அவன் சொன்னதை நம்பவில்லை. நாலு நாள் கழித்து நானே கூப்பிட்டு எல்லாவற்றையும் உறுதிசெய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு, வெளிநாட்டில் இருக்கும் அக்கா யாருக்காகக் காசு சேர்க்கிறாள் என்று ஒவ்வொரு நாளும் அவனைக் கேட்டார்களாம்.

நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்பதற்குக் கடிதம் அனுப்பினால் உதவும் என்று நானா சொன்னார். எங்கள் இல்லத்தின் மேலாளர் கரோலிடம் போனேன். "என் தம்பியைத் தொலைபேசிக்காகப் பிடித்துவிட்டார்கள்" என்றேன்.

"திருடினானா?" என்றார் கவலையோடு.

"இல்லை. அது என்னுடைய தொலைபேசி."

"அப்படியானால் அவர்களிடம் சொல், உன்னுடையது என்று. விட்டுவிடுவார்களே."

"என்னுடையது என்பதால்தான் பிடித்தார்கள்."

கரோலுக்கு விளங்கவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவள் இங்கே காய்கறி நறுக்குகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை, முதியவர்களுக்கு இவளைப் பிடிக்கும் என்று தட்டெழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் தாளை நானாவின் கடைக்குத் தொலைநகலில் அனுப்பினோம். அதை எடுத்துக்கொண்டு நானாவும், ஓய்வு பெற்றிருந்த அந்த டீச்சரும் அலைந்தார்கள். எத்தனை வாசல் ஏறினார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. நாற்பத்தாறாம் நாள் சரவணன் வீட்டுக்கு வந்தான்.

வந்தவன் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நானாவின் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். நான் அங்கே கூப்பிடுவேன். "தம்பி எங்கம்மா?" என்றால், "வெளிய நிக்கிறான்" என்பார். அம்மாவைக் கூட்டிவருவான், கடைக்குள் வரமாட்டான். "அவனுக்கு ஒம்மேல கோவமில்லடி. போன் அடிச்சாலே எந்திரிச்சு வெளிய போயிடுறான்" என்று அம்மா ஒருமுறை குரலைத் தாழ்த்திச் சொன்னார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபிக்கிறவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். சந்தியில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பவனிடம், பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்பவள் எப்படிக் கேட்பது? அம்மா பேசும்போது நான் அம்மாவைக் கேட்கவில்லை. பின்னால் யாராவது இருமுகிறார்களா, செருப்புச் சத்தம் கேட்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வெளியில் யாரோ சிரித்தது அவன் சிரிப்புப் போலிருந்தது. அந்தக் கிழமை முழுவதும் பாத்திரம் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இரண்டு வருடம். இந்த இரண்டு வருடமும் என் பெயரில் ஒரு தொலைபேசியை எடுக்க என் கை வரவில்லை. அந்தப் படிவத்தில் பெயரை எழுதினால் யாரோ அதை மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள்போல இருக்கும்.

போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வருடத்தின் கடைசியில், ஒரு ஞாயிறு, அம்மாவிடம் கொடுக்கும் முன் நியாஸ் நானா சொன்னார்: "தங்கச்சி, தம்பி ஒரு விசயம் கேக்கச் சொன்னாரு. அவரு புது போன் எடுத்தீக்கிறாரு. ஒங்கட நம்பர் என்னான்னு கேக்குறாரு."

"எனக்கு நம்பர் இல்ல நானா."

"அங்க இருந்துக்கிட்டு நம்பர் இல்லையா?" என்றவர், ரிசீவரைக் கையால் பொத்தாமலே வெளியே பார்த்துச் சத்தமாகச் சொன்னார், "தம்பி, அக்காக்கு நம்பர் இல்லையாம்!"

வெளியிலிருந்து பதில் வந்தது. அவன் குரல்தான். தூரத்திலிருந்து, வாகனச் சத்தத்தின் நடுவில், "ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க நானா."

மறுநாள் வேலை முடிய நானே பரமேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்தேன். கடையில் வேறொரு பெண் இருந்தாள். மூன்று வருடம் என்றாள். தலையாட்டினேன். பெயர் எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் எழுதினேன். "இப்பதான் பிள்ளைக்குப் புத்தி வந்தது" என்றார் பரமேஸ்வரி அக்கா. அன்று பஸ் தரிப்பில் நின்றபடி அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கம்பளிச் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார்.

இலக்கத்தை நானாவிடம் சொல்லி இரண்டு கிழமை எதுவும் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில், என் மடியில் அது அதிர்ந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தடுமாறி எடுத்தேன்.

"அக்கா."

"தம்பி."

பிறகு அவன், "இது எம்பேர்லயே எடுத்தேன்க்கா" என்றான்.

"நானும் எம்பேர்லதான்டா."

"அன்னைக்கு நீ கூப்புட்டு அந்த ஆளு எடுத்தப்ப பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். ஒன் சத்தம் வெளிய கேட்டுச்சு" என்றான். நான் அழுவது கேட்டிருக்க வேண்டும். "அழாதக்கா. ஒன் சத்தத்தக் கேட்டதும், இன்னைக்கு ஞாயித்துக்கெழமன்னு தெரிஞ்சுக்கிட்டேன். உள்ள நாளு தெரியாது. அப்புறம் அதை வச்சுத்தான் எண்ணிக்கிட்டு வந்தேன்."

வேலை முடிந்து கண்டியிலிருந்து திகன பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். பேச்சை விட்டுவிட்டு அந்த பஸ்ஸைக் கேட்டேன். யாரோ சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறார்கள். நடத்துநர் எல்லோரையும் முன்னால் நகரச் சொல்லிக் கத்துகிறான், "இஸ்ஸரஹாட்ட யன்ன!" தென்னகும்புரப் பாலம் தாண்டியதைச் சக்கரத்தின் ஓசையிலேயே அறிந்தேன். அடுத்தது நத்தரம்பொத்த. பிறகு நடத்துநர் கூவினான், "குண்டசாலை, குண்டசாலை!"

நான் எழுந்துவிட்டேன். இறங்க மணியடிக்கும் யன்னலோரக் கயிற்றை இழுத்துவிட்டேன். பஸ் நின்றது. நடுக்கதவு திறந்து, பனிக்காற்று முகத்தில் அடித்தது. வெளியே எனக்குப் பழக்கமில்லாத ஒரு தெரு, மூடிய கடைகள், வெள்ளை. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"எறங்கிட்டேன்க்கா" என்றான் தம்பி. "நீ எங்க இருக்க?"

கதவு திறந்தபடியே இருந்தது. ஒரு கால் படியில் இருக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.