நெல்லின் மேல் விழுந்த நிழல்

கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் பெரும்பாலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அவரை இழுத்துப்போய், சித்திரை மாதத்து உச்சிவேளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ரைஸ் மில் களத்தில் நிறுத்திவைக்கத் தோன்றும். பவுனம்மாள் அங்கே தன் வாலிபம் முழுக்க நின்றாள்.

திருவானைக்காவலில் எங்கள் வீடு மில்லின் சுற்றுச்சுவரை ஒட்டியிருந்தது. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாடியில் துணி காயப்போடப் போனால் களம் முழுவதும் தெரியும். அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டு, பெண்கள் அதைக் காலால் கிளறிக்கொண்டே வரிசையாக நடப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. நெல் காயும்வரை நடைதான். வெயில் அடித்தால் கூலி உண்டு. மப்பும் மந்தாரமுமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பவுனம்மாள் லால்குடிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நல்ல கறுப்பு. நானும் அப்படித்தான். "நாம ரெண்டு பேரும் அக்கா தங்கச்சின்னு சொன்னா நம்பிடுவாங்க டீச்சர்" என்று சிரிப்பாள். அவள் புருஷன் மருதை அதே மில்லில் மூட்டை தூக்கியவன். அடுக்கு சரிந்து இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தான். இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. அந்த வீட்டில் உலை கொதிப்பது இவள் நடையை நம்பித்தான்.

எழுபத்தாறாம் வருஷக் கோடையில் அவள் கன்னத்திலும் மூக்கின் மேலும் தடிப்பாக ஏதோ வந்தது. மங்கு என்றார்கள். ஜாதிக்காயை இழைத்துப் பூசச் சொன்னார்கள். பூசினாள். தடிப்பு காதுமடலுக்கும் பரவியது. பிறகு நடுவில் வெளுத்து, ஓரம் இன்னும் கறுத்துத் தழும்பாக நின்றது. அதற்கப்புறம் யாரும் மங்கு என்று சொல்லவில்லை. பெரிய வியாதி என்று குசுகுசுத்தார்கள். குஷ்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

ஒரு சனிக்கிழமை நானே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பஞ்சால் தொட்டும் ஊசியால் குத்தியும் உணர்ச்சி இருக்கிறதா என்று பொறுமையாகப் பார்த்தார்.

"நீங்க பயப்படற வியாதி இது இல்லம்மா. யாருக்கும் ஒட்டாது. உங்க உடம்புக்கு வெயில் ஒத்துக்கலை, அவ்வளவுதான். இனிமே வெயில் படக்கூடாது."

"நான்தான் கறுப்பாச்சேங்க! கறுப்பை வெயில் என்னங்க பண்ணும்?"

"கறுப்பு கொஞ்சம் தாங்கும். இந்த வியாதிக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது. குடை புடிங்க, முழுக்கைச் சட்டை போடுங்க. விட்டீங்கன்னா தழும்பு நிரந்தரமாயிடும். சில பேருக்கு உடம்புக்குள்ளேயும் எறங்கிடும்."

பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள். "வெயில்தாங்க என் வேலை."

டாக்டர் மாத்திரையும், வெயில் தாங்க முகத்தில் பூசிக்கொள்ள ஒரு வெள்ளைக் களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

மில்லுக்குள்ளே அரிசி புடைக்கிற வேலை இருந்தது. அங்கே கூரை உண்டு, நிழல் உண்டு. அதைக் கேட்டுப் போனாள். "இந்த மூஞ்சியை அரிசிகிட்ட விட்டா எவன் வாங்கித் திம்பான்?" என்றான் மேஸ்திரி சின்னையன். நான் முதலாளியிடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மனுஷர் காபி வரவழைத்துக் கொடுத்தார். "நீங்க சொல்றது சரிதாங்க டீச்சர். ஆனா ஊர் வாயை மூட முடியுங்களா?" என்றார். வெயிலால் வந்த தழும்பு நிழலுக்கு வழிவிடவில்லை. இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய் முறையிடுவது?

கடைசியில் ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். வேலை காலுக்குத்தானே, கை சும்மாதானே இருக்கிறது என்று எண்ணினேன். மறுநாள் மாடியிலிருந்து பார்த்தேன். வரிசையில் ஒரே ஒரு கறுப்புக் குடை நகர்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை புடிப்பானாம்" என்றாள் ஒருத்தி.

"குடை புடிச்சா செவந்துடுவியாடி பவுனு?" என்றாள் இன்னொருத்தி.

அவள் சிவக்க ஆசைப்படுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குத் தன் கறுப்பு முழுசாகத் திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது. நானும் அதே கறுப்புதான். தினமும் குடை பிடித்துத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஒரு நாய்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீச்சர் பிடித்தால் குடை, களத்துக்காரி பிடித்தால் கொழுப்பு.

சிரிப்பை அவள் பொறுத்துக்கொண்டாள். அதற்குள் சின்னையன் வந்து நின்றான்.

"குடையை மடக்கு. நிழல் நெல்லு மேல விழுது. நெல்லு காய வேணாமா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்துகொண்டே இருக்கிறவளின் குடை நிழலில் எந்த நெல்லாவது நமுத்துப்போகுமா? மாடியிலிருந்தே கத்திக் கேட்டேன். "நீங்க பள்ளிக்கூடத்தைப் பாருங்க டீச்சர்" என்றான். பவுனம்மாள் குடையை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

பிறகு மருதையின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனாள். முகத்தை எதைக்கொண்டு மூடுவது? களிம்பைப் பூசினால் வெள்ளை வெளேரென்று நின்றது. சுண்ணாம்பு அடித்த சுவர் வருகிறது என்றார்கள். அரை மணியில் வியர்வை அதையும் வழித்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் பூசுவதை விட்டுவிட்டாள்.

எழுபத்தேழில் வெள்ளம் வந்தது. மில்லுக்குள் தண்ணீர் புகுந்து மூட்டையெல்லாம் முளைவிட்டு நாறியது. களம் பொங்கல்வரை ஓடவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் எனக்குத் தெரியும், நான் கொடுத்தனுப்பியது எத்தனை நாளுக்குக் காணும்? அந்தப் பட்டினியில்தான் அவள் முகம் தெளிந்தது. தடிப்பெல்லாம் அடங்கி, தழும்பு மட்டும் இருந்தது. என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா சொன்னது நெசந்தான் டீச்சர்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் களம் திறந்தது. மாசியில் எல்லாம் திரும்பி வந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் இதே கதை. மழைக்காலத்தில் முகம் ஆறும், வயிறு காயும். கோடையில் வயிறு நிறையும், முகம் வேகும். உதட்டில் புண் வந்தது. தலையில் முடி கொட்டிய இடத்தில் மறுபடி முளைக்கவில்லை. மூட்டுகள் வீங்கின. அப்படியும் ஒரு நாள் வெயிலைக்கூட அவள் விட்டதில்லை.

எண்பத்துநாலில் மில்லுக்கு நெல் காயவைக்கிற மெஷின் வந்தது. வெயிலும் வேண்டாம், களமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பெண்கள் அத்தனை பேரையும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பவுனம்மாள் வீட்டில் உட்கார்ந்தாள். முகம் மெல்ல அடங்க ஆரம்பித்தது. வீட்டுப் பாத்திரங்களும் ஒவ்வொன்றாகக் குறைய ஆரம்பித்தன.

மாத்திரை வாங்க மறுபடி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டர்தான். முன்னந்தலையில் நரை விழுந்திருந்தது. பவுனம்மாளின் முகவாயை உயர்த்திப் பார்த்து அசந்துபோனார்.

"அடேயப்பா, எவ்வளவு அடங்கியிருக்கு! என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்க. வேலை போயிடுச்சு. வீட்லயே உக்காந்திருக்கேன்."

"அதாம்மா மருந்து. இப்படியே இருந்துடுங்க. வெயிலுக்கு மட்டும் போயிடாதீங்க, என்ன?"

"சரிங்க டாக்டரம்மா."

வெளியே வந்தோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் என்னோடு பஸ் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் ரோடு காண்டிராக்டரின் லாரி நின்றது. தார் போடும் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே பேசி வைத்திருக்கிறாள்.

"உனக்குப் பைத்தியமா பவுனு? அந்தம்மா சொன்னது காதுல விழலையா? ரோடு வேலைக்குப் போறேன்னு அங்கேயே சொல்லித் தொலைக்கறதுதானே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

"விழுந்துச்சு டீச்சர். நல்லாயிட்டேன்னு எம்மாம் சந்தோஷப்பட்டாங்க பாத்தீங்களா? அவங்ககிட்ட எதுக்குங்க சொல்லணும், பாவம்."

லாரியிலிருந்து யாரோ கை நீட்டினார்கள். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள்.