பால்வாடியின் புது அறை

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த சமயம், எல்லையோரம் இருந்த கொல்லயிலில் எங்கள் பால்வாடிக்கு அரசுப் பணத்தில் ஓர் அறை கட்டினார்கள். அதுவரை பிள்ளைகள் சர்ச் வராந்தாவில்தான் தூங்கினார்கள். ஒரே ஒரு போராட்டக் கூட்டத்துக்கு என்று சொல்லி, ஆயாவிடம் நான்தான் சாவி வாங்கினேன். எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர உயிரையும் கொடுப்பேன் என்று அங்கே முழங்கினேன்.

மறுநாள் போலீஸ் வந்து அறைக்கு சீல் வைத்தது. யார் திறந்தது என்று கேட்டார்கள்.

"நானாக்கும்" என்றாள் ஆயா.

பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அவள் வேலை போயிற்று. போகும்போது என்னிடம் வந்தாள்.

"மக்கா, பிள்ளைகளுக்க பாயி உள்ள கெடக்கு. போலீசுகிட்ட கேட்டு அதையாவது வாங்கிக் குடு."

அதற்கும் நான் ஸ்டேஷன் படி ஏறவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் மறுபடியும் சர்ச் வராந்தாவின் வெறும் தரையில் படுத்தார்கள். நான் சர்ச்சுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன்.