மூட்டையைத் தண்ணியில போடுங்க

எங்க தெருக்காரங்களுக்கு ஒரு பழக்கம். ஏரிக்கரையில வெடிப்பு விட்டா, யாரும் கூப்பிடாமலே மண்மூட்டையைத் தூக்கிக்கினு வந்து அந்த வெடிப்பு மேலேயே அடுக்குவாங்க. நல்ல மனசுதான். அன்னிக்கு அந்த நல்ல மனசுதான் என் உயிரை எடுத்துச்சு.

முத்தாபுதுப்பேட்டைக்கு இந்தப் பக்கம் எங்க ஏரி. பழைய கரை அரிச்சுப்போன இடத்துல, ஏரிக்குள்ள தள்ளிப் புதுக்கரை போட்டோம். நான்தான் சைட் இன்ஜினியர். கரையோட கால், அதான் சரிவோட அடிப்பாகம், தண்ணிக்குள்ள. அதுக்கும் அடியில பாதி வெந்த களி மாதிரி களிமண். கரைக்குக் கீழ முதல் வீடு எங்களுது. இடுப்பெலும்பு முறிஞ்சு அப்பா கட்டிலோட கிடந்தார்.

ஐப்பசி மழை, மத்தியானம். கரை உச்சியில நீளவாக்குல வெடிப்பு. தண்ணிக்குள்ள கழியை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் கழுத்தளவு ஆழம் இருந்த இடம், இடுப்பளவுக்கு வந்திருந்தது. மேல் பாரம் தாங்காம அடிச்சேறு பிதுங்கி எழும்புது. கரை சரிஞ்சா ஏரி மொத்தமும் எங்க தெருவுலதான். தம்பிக்கு போன் போட்டு, "அப்பாவைத் தூக்கிக்கினு போடா"ன்னேன். "சரிக்கா"ன்னான்.

அதுக்குள்ள வெடிப்பு மேல மூட்டை ஏறிடுச்சு.

"ஐயோ, இறக்குங்க! மூட்டையைத் தண்ணியில போடுங்க, கரையோட கால்ல! அங்க அமுக்கினாத்தான் சேறு எழும்பாது! மேல மண்ணை வெட்டிக் கனத்தைக் குறைக்கணும்!"

"இன்னாம்மா சொல்ற? கரையை வெட்டி எங்களை முழுகடிக்கப் பாக்கிறியா?" பக்கத்து வீட்டு அண்ணாத்தே மூட்டை மேலேயே சட்டமா உட்கார்ந்துட்டார். "உங்க அப்பன் ஊடும் கீழதான கீது?"

"அவரு போயாச்சு! நீ எந்திரி அண்ணாத்தே, இல்லேன்னா உன்னையும் சேர்த்து வெட்டுவேன்!"

பொக்லைனை ஏத்தினா அந்தக் கனத்துக்கே கரை போயிடும். நானே மண்வெட்டியை எடுத்து உச்சியில கொத்த ஆரம்பிச்சேன். அண்ணாத்தே என் பரம்பரையையே திட்டினார். திட்டிக்கினே எழுந்து, உட்கார்ந்திருந்த மூட்டையைத் தண்ணிக்குள்ள உருட்டிவிட்டார். அப்புறம் மத்தவங்களும் உருட்டினாங்க.

சாயங்காலம் வரைக்கும் வெடிப்பு அதுக்கு மேல விரியவே இல்லை. மழையும் விட்டுச்சு.

வீட்டுக்கு வந்தா, அப்பா அதே கட்டில்ல கிடக்கார். தம்பி என் முகத்தைப் பார்க்கல.

"தூக்கவே விடலக்கா. கட்டில் சட்டத்தைப் புடிச்சுக்கினு, 'மேல என் பொண்ணு நிக்கிறா, நான் எதுக்கு ஓடணும்'னாரு."

"அறிவிருக்காப்பா உனக்கு?" கத்தும்போதே அழுகை வந்துடுச்சு. "நீ போயிட்டேன்னு நினைச்சுத்தான்ப்பா நான் மண்வெட்டியையே தொட்டேன்."