வெயிலில் காய்ந்த புரோகிராம்

செத்துப்போன நண்பனின் மூளையைக் கட்டாகக் கட்டிக் கையில் பிடித்திருக்கிறீர்களா? நான் பிடித்தேன். கல்லூரியின் பழைய கம்ப்யூட்டருக்காக அவன் எழுதிய புரோகிராம், ஓட்டை போட்ட முந்நூறு அட்டைகளில், அட்டைக்கு ஒரு வரியாக இருந்தது. காமாலையில் அவன் போன பிறகுதான் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதிலும் அதை ஓட்டிக்காட்டுகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லி, கோவளத்து வீட்டிலிருந்து அட்டைகளை வாங்கி வந்தேன்.

கட்டைப் பிரித்த ஆபரேட்டர் மூக்கைப் பொத்தினார். "இன்னா மச்சான், கருவாட்டு நாத்தம் அடிக்குது?"

மெஷின் எல்லா அட்டையையும் படித்தது. புரோகிராம் மட்டும் ஓடவில்லை; வரிசை கலைந்திருந்தது. அட்டைக்கு நம்பர் போடுடா என்றால், "அல்லாம் மண்டைல கீது, போடா" என்பான் அவன்.

மறுநாள் கோவளம் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"உப்புக்காத்துல நமுத்துப்போச்சு தம்பி. மாடில கருவாடு பக்கத்துல பரப்பிக் காயவெச்சேன். அப்பறம் ஓரம் பிசகாம அடுக்கிக் கட்டினேன். புது மெஷின்ல ஓடுதா?"

"சூப்பரா ஓடுதும்மா."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்து, எதன் பின்னால் எது என்று யோசித்து அடுக்குகிறேன். இதுவரை பதினோரு அட்டைகள் சேர்ந்திருக்கின்றன.