டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க

போனில் கூப்பிட்டுப் பாட்டுக் கேட்கும் நேரலை நிகழ்ச்சிகள் டிவியில் வந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை பகலில் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். எனக்குப் பாட்டைவிட, கூப்பிடுகிறவர்கள் உளறுவதுதான் பிடிக்கும். வீட்டு டிவியை அலறவிட்டுக்கொண்டே பேசுவார்கள். சொன்னது அவர்களுக்கே திரும்பக் கேட்டு, "ஹலோ, ஹலோ" என்றே பாதி நேரத்தைத் தின்பார்கள். நிகழ்ச்சி நடத்தும் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்பாள்.

அன்றைக்கு என் கணவர் ஓவர்டைம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். ஒரு வருஷமாகவே ஞாயிறென்றால் ஓவர்டைம். மனுஷன் எங்களுக்காக உழைத்து ஓடாய்த் தேய்கிறாரே என்று நான் வேறு முட்டை பொரித்து டப்பா கட்டிக் கொடுத்திருந்தேன். நானும் மாமியாரும் கீரை ஆய்ந்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூந்தமல்லியிலிருந்து ஒருத்தி பேசினாள். பாட்டு யாருக்கு என்று கேட்டதற்கு, "எங்க ஊட்டுக்காரருக்கு" என்றாள். அவர் பெயர்?

"ஐய, புருஷன் பேர எப்டிங்க வாயால சொல்றது?"

நான் சிரித்தேன். நானும் சொல்ல மாட்டேன்.

அதற்குள் அவள் வீட்டு டிவி அலறியது. வழக்கம்போல, சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்.

"இன்னாங்க, டிவிய கொஞ்சம் கொறைங்களேன்" என்று அவள் வீட்டுக்குள் திரும்பிக் கத்தினாள்.

"கொறச்சிட்டேன் கண்ணு, நீ பேசு."

ஊருக்கே கேட்டது. என்னைக் கண்ணு என்று கூப்பிடும் அதே குரல், அதே கரகரப்பு. நான் பொரித்த முட்டையை எந்த வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறான் பாவி!

"அத்தே, அது அவரு கொரலுதானே?" என்றேன்.

'உனக்கு இன்னாடி பைத்தியமா' என்று மாமியார் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் போதும், நம்பித் தொலைத்திருப்பேன். பெற்ற அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ எப்பவுமே டிவிய சத்தமாத்தான் வெப்பா. போறப்பல்லாம் சொல்லிட்டுதான் வரேன், கேக்க மாட்றா" என்றார்.