யாரும் பேசாத அலைவரிசை

போன ஐப்பசியில் இரண்டு நாள் ராஜபாளையம் போய் வந்தேன். ஊர் சுற்றப் போகவில்லை. ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிக் கொண்டுவரப் போனேன். இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஹாம் ரேடியோ கிறுக்கர்கள். உங்களில் ஒருவருக்கும் நாளைக்கு இப்படி ஒரு பயணம் வரலாம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அரசிடம் உரிமம் வாங்கி, வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் வைத்துக்கொண்டு, அதே கிறுக்குப் பிடித்த மற்றவர்களோடு பேசுவது. என்னுடைய நிலையம் மாடிப்படிக்குக் கீழே, இஸ்திரி போடும் மேசையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு இருக்கிறது. தினமும் காலை ஆறரைக்கு நாற்பது மீட்டர் அலையில் எட்டுப் பேர் கூடுவோம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசவிட்டு, கூட்டத்தை நடத்தியவர் ராஜபாளையம் சேதுராமன் அண்ணன். நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் அவர் குரலோடுதான் எனக்கு விடிந்தது. ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆவணியில் மாரடைப்பு வந்து போய்விட்டார். அவர் மகன் எங்களுக்குச் சொன்னதே பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம்தான்.

மறுநாள் காலை அவர் இடத்தில் உட்கார்ந்து கூட்டத்தைத் தொடங்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த அலைவரிசை அண்ணனுடையது, அது சும்மாவே கிடக்கட்டும் என்றார் கோவை நண்பர். எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிப் போய்விட்டோம். ரேடியோவின் பெரிய குமிழை ஓரிரு சுற்றுத் திருப்பினால் வந்துவிடும் தூரம்தான்.

ஐப்பசியில் மகன் கார்த்திக் மறுபடி அழைத்தார். அம்மாவை ஓசூருக்குத் தன்னோடு கூட்டிப் போகிறாராம். ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறார்கள், வீட்டை வாடகைக்கு விடப் போகிறார்கள். உரிமம் இல்லாதவர் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் இருக்கக் கூடாது என்பதால் ரேடியோவையும் ஆன்டெனாவையும் நான் எடுத்துக்கொண்டால் நல்லது என்றார்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் ஏறி, எட்டு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினேன். அங்கிருந்து ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர். அரசுப் பேருந்து, எழுபது ரூபாய், ஜன்னல் ஓரம் மழை ஒழுகியது. என் மடியில் இருந்த கயிற்றையும் இடுப்பு பெல்ட்டையும் பார்த்துவிட்டு, மரம் ஏறுற ஜோலியா அண்ணாச்சி என்று கேட்டார் கண்டக்டர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஹாம் ரேடியோவை விளக்க ஆரம்பித்தால் கிருஷ்ணன்கோவில் வரை இழுக்கும், அன்று எனக்கு அதற்குத் தெம்பில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியபோது மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு விடுதியில் பையை வைத்தேன். அறை எழுநூறு ரூபாய், மாடியில் நின்றால் கோபுரம் தெரியும். புத்தி இல்லாமல் நேரே பால்கோவாக் கடைக்குப் போய் வரிசையிலும் நின்றுவிட்டேன். அரைக்கிலோ என்று வாயைத் திறந்த பிறகுதான், துக்க வீட்டுக்கு இனிப்போடு போகப் பார்த்தோமே என்று உறைத்தது. விலகி வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

அண்ணனின் மனைவி கோமதி அக்கா கதவைத் திறந்தார். நான் பேர் சொல்வதற்குள், உள்ளே வாங்க தம்பி, முதுகுவலி இப்ப தேவலையா என்று கேட்டார். போன வருஷம் எனக்கு வந்த முதுகுவலியை நான் அண்ணனிடம் ரேடியோவில்தான் புலம்பியிருந்தேன். அண்ணனின் ரேடியோ மேசை அடுப்படிக்கு எதிரே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ரேடியோ, பவர் சப்ளை, மைக், மேலே ஒரு துண்டு. எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தன.

மழை வருவதற்குள் வேலையை முடிக்கும் அவசரத்தில் மாடிக்கு ஏறினேன். மாடியில் நட்டிருந்த இரும்புக் குழாயின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுத் தென்னை மரங்களுக்குக் கம்பி ஓடியது. அவிழ்த்துச் சுருட்டினேன். கீழே ரேடியோவுக்கு இறங்கும் கேபிளின் முனை சுவர் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வெட்டிவிட்டேன். ஒரு மணி நேர வேலை, நன்றாகவே செய்தேன்.

கீழே வந்து காப்பி குடிக்கும்போது அக்கா கேட்டார்.

"இனி அதப் போட்டா இரைச்சல்கூட வராதுல்ல தம்பி?"

எந்த இரைச்சல் என்று கேட்டேன்.

"காரியம் முடிஞ்ச மறுநாள்லருந்து தெனமும் ஆறரைக்குப் போடுதேன். பவர் சப்ளைய முதல்ல, ரேடியோவப் பொறவு. அவிய சவரம் பண்ணுதப்ப நான்தான போட்டுவிடுவேன். பெரிய குமிழ மட்டும் தொடப்பிடாதுன்னு சொல்லிருக்காவ, தொடல. செத்த நேரம் இருந்து கேப்பேன். ஒருத்தரு பேச்சும் இல்ல. அவியளோட எல்லாரும் விட்டுட்டாக போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பத்து கிலோஹெர்ட்ஸ் மேலே நாங்கள் ஏழு பேரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மரியாதைக்காக நகர்ந்தோம் என்று அவரிடம் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மறுபடி மாடிக்குப் போனேன். கார்த்திக் ஏணியைப் பிடித்துக்கொண்டார். வெட்டிய கேபிளை அண்ணனின் சால்டரிங் அயர்னை வைத்தே ஒட்டினேன். கம்பியைக் கட்டி முடித்தபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் ஆறு பேருக்கும் போன் போட்டு, காலையில் பழைய இடத்துக்கு வாருங்கள் என்றேன். ஏன் என்று சொன்னதும், ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பேன் என்றார் கோவை நண்பர்.

ஞாயிறு ஐந்தரைக்கு முதல் பஸ் பிடித்துப் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பவர் சப்ளையை முதலிலும் ரேடியோவை அடுத்தும் அவரே போட்டார். பின்தெருத் தறி மோட்டார்களுக்கு விடுமுறை என்பதால் ரேடியோவில் இரைச்சல் குறைவாக இருந்தது. உரிமத்தோடு அரசு தரும் பெயர்தான் அழைப்புக்குறி; என்னுடையதைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வந்தார்கள். கோவை நண்பர் வந்ததும், இவருதான நம்மூரு நாய்க்குட்டி வேணும்னு அவியகிட்ட கேட்டுக்கிட்டே இருப்பாரு என்றார் அக்கா. எல்லோரையும் குரலை வைத்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்களில் ஒருவர் போய்விட்டால், அவருடைய அழைப்புக்குறியை மூன்று முறை கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, நிலையம் மூடப்பட்டது என்று அறிவிப்பது வழக்கம். அண்ணனுக்கு அதைச் செய்யத் துணிவில்லாமல் தள்ளிப்போட்டிருந்தோம். அன்று நான் கூப்பிட்டேன். மூன்றாவது முறைக்குப் பிறகு மைக்கின் பொத்தானை விட்டேன். ஒரு நிமிஷம் இரைச்சல் மட்டும் வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு இது பழகிப்போச்சு தம்பி" என்றார் அக்கா. "தெனமும் இதத்தான கேட்டேன்."

நிலையம் மூடப்பட்டது என்று நான் அறிவித்ததும், ரேடியோவை முதலில் அணைத்து, அப்புறம் பவர் சப்ளையை அணைத்தார். துண்டை மடித்து என் பைக்குள் அவரே வைத்தார். பத்து மணிக்குள் ஆன்டெனாவை இரண்டாம் முறையாகக் கழற்றினேன். கைபேசியிலேயே இந்த அலைகளைக் கேட்க வழி இருக்கிறது என்று கார்த்திக்குக் காட்டினேன். பார்க்கலாம் சார் என்றார். பெட்டி கட்டும் அவசரத்தில் இருந்தார், குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்கள் ரேடியோவுக்கு மழை உறை எடுத்துவாருங்கள். மதியத்துக்கு மேல் மாடி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள், மலைப்பக்கம் இடி சொல்லாமல் வரும். தங்க ஸ்ரீவில்லிபுத்தூர் வசதி, விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது. ஒருவருடைய ஆன்டெனாவைக் கழற்றப் போனால், கேபிளில் கை வைப்பதற்கு முன் அந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போனவருக்காக அலைவரிசையைக் காலியாக விடாதீர்கள்.

நாங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம். தினமும் கோமதி அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். ஓசூரில் கைபேசியில் அவர் கேட்கிறாரா என்று தெரியவில்லை. கார்த்திக்கின் எண் என்னிடம் இருக்கிறது, போன் பண்ணிக் கேட்டுவிடலாம். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.